துரையின் நீலத்தைக் கழுவியவர்

பூஞ்சணம் பூத்த பண்டத்தை என்ன செய்வீர்கள்? குப்பையில் கொட்டுவோம் என்கிறீர்களா? அது யார் வாய்க்குப் போகப் போகிறது என்று கேட்காமலே எப்படிச் சொன்னீர்கள்?

பன்வில மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சமையல் செய்துவந்த வீரய்யாவும் இப்படித்தான் அவசரப்பட்டார்.

வீரய்யா ஆதியில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். முன்பிருந்த குசினிக்காரர் விருந்தாளிகள் முன்னால் புட்டிங்கைக் கருக்கிவிட்டு, மறுநாள் காலையில் பெண்டாட்டியோடும் பானை சட்டியோடும் மலை இறங்கினார். விறகு போட வந்த வீரய்யா அன்றைக்கு ஆக்கிய கோழிக்கறி துரைக்குப் பிடித்துப்போக, கவ்வாத்துக் கத்தி கறிக்கத்தி ஆனது. ஆனாலும் அந்தக் கருகிய புட்டிங்கை அவர் மறக்கவில்லை. குசினி வேலை போனால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். மனைவி பாப்பம்மாவுக்கோ ஏழாம் மாதம்.

ஒரு வியாழக்கிழமை துரை குசினி வாசலில் வந்து நின்றார். துரைக்குத் தமிழ் தெரியும். அவர் படித்த தமிழில் 'வா, போ' உண்டு. 'வாங்க, போங்க' கிடையாது.

"சனிக்கிழமை பகல் விருந்து. பெரிய பெரிய தொரை எல்லாம் வரும். கடைசியில சீஸ் வைக்கணும். தட்டில இல்ல, பலகையில. தப்பு செஞ்சா நீ போ."

வீட்டுக்கு வந்து வீரய்யா இதைச் சொன்னதும் பாப்பம்மா சிரித்தாள். "பலகையிலயா? மாப்புள்ளையத்தான் பலகையில உக்கார வப்பாங்க. உங்க சீஸுக்குக் கலியாணமா?"

"சிரிக்காத புள்ள. போன்னு சொல்லிட்டாரு."

வெள்ளிக்கிழமை காலை தபால் சுமக்கிற ஆள் கண்டியிலிருந்து இரண்டு பொட்டலம் கொண்டுவந்தார். ஒன்றில் சிவப்பு மெழுகு பூசிய உருண்டை. அது வீரய்யாவுக்குப் பழக்கம். மற்றதைப் பிரித்ததும் குசினிப் பூனை எழுந்து வெளியே போனது. உள்ளே வெளிறிய ஒரு கட்டி. அதன் குறுக்கும் நெடுக்கும் நரம்பு நரம்பாக நீலப் பூஞ்சணம். பலகையில் உட்கார வேண்டிய மாப்பிள்ளை வழியிலேயே அழுகிப்போனான்! பழி யார் தலையில் விழும்?

அவர் நேரே, ஆட்களை வேலை வாங்கும் செல்லப்பா கங்காணியிடம் ஓடினார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தோட்டத்தில் ஆட்களுக்கு அளக்கும் அரிசி, ஒழுகுகிற கொட்டகையில் கிடந்து மழைக்காலம் முழுவதும் பச்சையும் நீலமுமாகப் பூக்கும். முறையிட்டவர்களுக்கெல்லாம் கங்காணி ஒரே மந்திரம் ஓதுவார். மந்திரத்தால் மாங்காய் விழாது என்பார்கள். கங்காணியின் மந்திரத்தால் பூத்த அரிசி வருடா வருடம் உலையில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

"பூஞ்சணம் பூத்துப்போச்சுங்க கங்காணி அய்யா..." என்று வீரய்யா வாயெடுத்தார்.

கங்காணி வெற்றிலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எது பூத்தது என்றும் கேட்கவில்லை. "ஒனக்குமா? சொரண்டு. அலம்பு. மஞ்சத் தண்ணி தெளிச்சு வெயில்ல போடு. தொரை உத்தரவு. எத்தன தடவடா சொல்றது?"

துரையின் உத்தரவே இருக்கும்போது பயமென்ன? வீரய்யா கத்தி முனையால் நீலத்தை நரம்பு நரம்பாகத் தோண்டி எடுத்தார். தேங்காய்ப் பொச்சு வைத்துத் தேய்த்தார். மூன்று தண்ணீரில் அலம்பினார். மஞ்சள் பூசி, குசினிக்குப் பின்னால் சாக்கு விரித்துக் காயப்போட்டார். பாப்பம்மா குச்சியோடு காக்காய் ஓட்டினாள்.

"மஞ்சளும் பூசியாச்சு, பலகையும் ரெடி. தாலி கட்டுறதுதான் பாக்கி" என்றாள்.

சனிக்கிழமை பகல். பலகையில் நடுவே மஞ்சள் கட்டி, பக்கத்தில் சிவப்பு உருண்டை, சுற்றிலும் பிஸ்கட், ஓரத்தில் ஒரு செவ்வரத்தம்பூ. வீரய்யா தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு மேசையில் வைத்தார்.

துரை குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"நீலம் எங்க?"

"எடுத்துட்டேங்க தொரை. ஒரு பொட்டு இல்லாம சுத்தமா எடுத்துட்டேன்."

"எடுத்துட்டியா? அந்த நீலந்தான் ருசி! அதுக்குத்தான் காசு! பூஞ்சணம் இல்லாட்டி அது என்னா சீஸ்?"

இதற்குள் பக்கத்துத் தோட்டத்துக் கிழத்துரை ஒரு துண்டை வாயில் போட்டு, இது எந்த நாட்டுச் சரக்கு, எனக்கும் வாங்கித் தர முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். விருந்தாளிகள் சிரித்தார்கள். துரையும் வேறு வழியில்லாமல் சிரிக்கப் போனார். வீரய்யா தப்பித்திருப்பார்.

ஆனால் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பூஞ்சணந்தான் ருசி! இத்தனை காலம் லயத்தில் ஒருவருக்கும் இது தெரியாமல் போயிற்றே! உண்மையான மகிழ்ச்சியோடு அவர் கேட்டார்:

"அப்ப எங்களுக்குப் போடுற அரிசியையும் இனிமே அலம்ப வேணாங்களா, தொரை?"

தமிழ் தெரிந்த துரைமார் சிரிப்பதை நிறுத்தினார்கள். தெரியாதவர்கள் மற்றவர்களிடம் அர்த்தம் கேட்டார்கள். கிழத்துரை, "எந்த அரிசி?" என்று சத்தமாகவே கேட்டார்.

கட்டியைக் கெடுத்ததற்கு மன்னிப்பு இருந்தது, கேள்விக்கு இல்லை. கேள்வி கேட்டான் என்று ஒருவனை வெளியேற்றினால் கேள்வி ஊரெல்லாம் பரவுமே! அதனால் வேறு குற்றம் தேவைப்பட்டது. மறுநாள் காலை, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் ஆட்கள் எல்லாரும் நிற்க, செல்லப்பா கங்காணி அறிவித்தார்: "இந்த வீரய்யா தொரையோட பூஞ்சணத்தக் களவெடுத்தவன். இவனுக்கு இனி இந்தத் தோட்டத்தில எடமில்ல."

பெரட்டுக்களத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. பாப்பம்மா மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "களவு போன பூஞ்சணம் அரிசிக் கொட்டகையில எம்புட்டோ கெடக்கு. தொரைய மூட்டை மூட்டையா அள்ளிக்கிடச் சொல்லுங்க!"

அவர்கள் மலை இறங்கினார்கள்.

இப்போது இருவரும் கடுகண்ணாவையில் இருக்கிறார்கள். புகையிரத நிலையத்துக்கு எதிரே உள்ள தேநீர்க்கடையின் பின்பக்கம் வீரய்யா விறகு பிளக்கிறார். 'களவெடுத்தவன்' என்ற பேர் அவருக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்துவிட்டதால் எந்த வீட்டுக் குசினியிலும் அவரைச் சேர்ப்பதில்லை. என்ன களவெடுத்தார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பிள்ளை பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான்.

உங்கள் வீட்டிலோ, தெரிந்தவர் சாப்பாட்டுக் கடையிலோ சமையலுக்கு ஆள் தேவையென்றால் நாளைக்கே அந்தத் தேநீர்க்கடைக்குப் போங்கள். வீரய்யாவைக் கேளுங்கள். 'வாங்க' என்று கூப்பிடுங்கள், பாப்பம்மாவையும் சேர்த்து.