பேரிக்காய்ப் பெட்டியில் போன நாவல்

இரண்டு வருடம் எழுதிய நாவலை என் வாயாலேயே தூக்கிக் கொடுத்தேன். வேறு யாரையாவது திட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

அப்போது கொடைக்கானலில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வீடு கீழே, பஸ்ஸில் முக்கால் மணி நேரம். வெள்ளனே எழுந்து சமைத்து, மாட்டுக்குத் தண்ணி காட்டி, மாமியாருக்கு மாத்திரை எடுத்து வைத்துவிட்டு ஓடுவேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் எழுதுவேன். வளைவுக்கு வளைவு எழுத்து சாய்ந்து போகும். இல்லாவிட்டால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு மிச்ச நேரத்தில் எழுதுவேன். பள்ளியில் மீந்துபோன கேள்வித்தாள்களின் பின்பக்கம்தான் எனக்குத் தாள். "யாருக்கு இவ்வளவு பெரிய லெட்டர்?" என்று பக்கத்து மேஜைக்காரி தினமும் கேட்பாள். நானும் தினமும் சிரித்து வைப்பேன்.

வேலைக்குப் போகிற பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கி, வீடு திரும்பாமல் போய்விட நினைக்கிற ஒரு பெண்ணின் கதை அது. அந்த ஆசை எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

மழை மாதங்களில் எங்கள் ஊரில் எந்தத் தாளும் காய்ந்து இருக்காது. அதனால் எல்லார் வீட்டிலும் அடுப்புக்கு மேலே ஒரு பலகை அடித்திருப்பார்கள். தீப்பெட்டி, உப்பு, ரேஷன் கார்டு, நிலப் பத்திரம் எல்லாம் அங்கேதான். பேரிக்காய்ப் பெட்டிக்குள் விரிக்கிற பழைய பேப்பர் கட்டும் அங்கேதான். என் நாவலையும் அங்கேதான் வைத்திருந்தேன்.

அந்த ஆடியில் எனக்குக் காய்ச்சல். போர்வைக்குள் சுருண்டு கிடந்தேன். தோட்டத்தில் காய் பறித்து அடுக்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் வாசலில் நின்று, "பேப்பர் பூராம் நனைஞ்சு கெடக்கு. காஞ்சது எதுவும் இருக்கா?" என்றார்.

"அடுப்புக்கு மேல கெடக்கு, எடுத்துக்கங்க" என்றேன். கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் எழுந்து பார்த்தால் பலகையில் பத்திரமும் ரேஷன் கார்டும் தவிர ஒரு தாள்கூட இல்லை. "நீதான எடுத்துக்கச் சொன்ன? எல்லாம் பரீட்சைப் பேப்பராத்தான இருந்துச்சு?" என்றார் அவர். அதன் பின்பக்கத்தில்தான் என் நாவல் இருந்தது என்றேன். எஸ்டிடி பூத்துக்கு ஓடி மதுரை மண்டிக்குப் போன் போட்டார். பெட்டியெல்லாம் முந்தின நாளே கடை கடையாகப் பிரிந்து போயிருந்தது. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், அழுகை ஒரு நாள்தான் வந்தது. மறுநாளே ஒரு நிம்மதி. அப்பாடா, இனி எழுத வேண்டாம். பஸ்ஸில் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கினேன். மதியம் சோற்றை ஆற அமர மென்று தின்றேன். பக்கத்து மேஜைக்காரிகூட, "உடம்பு தேறிட்டீங்க" என்றாள். இத்தனை நாள் எதற்காக இந்தப் பாடு பட்டோம் என்று தோன்றியது. வெட்கமாகவும் இருந்தது, ஆனால் தூக்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஒரு மாதம் இப்படிப் போயிற்று. இரண்டாம் பறிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, காய் அடுக்குகிற பெண்களுக்கு டீ எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தியின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது. கையில் எந்தத் தாள் கிடைத்தாலும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் பெட்டியில் விரிப்பாள். அதற்காக எங்கள் வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். நான் போனபோது அவள் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸ விட்டு எறங்குனாளா, ரெண்டு நாள்ல புள்ளைங்க ஞாபகம் வந்திருச்சு. திரும்பி வந்து புருஷன் கால்ல விழுந்துட்டா."

என் கதையில் வருகிற பெண்தான் அவள். போன பறிப்பில் என் தாள்களில் நாலைந்து அவள் கண்ணில் பட்டிருக்கின்றன. மிச்சத்தை அவளே கட்டி, தினம் கொஞ்சமாக இவர்களுக்குச் சொல்லிவந்திருக்கிறாள்.

"அவ விழமாட்டா" என்றேன். எனக்கே கேட்காத கோபம் குரலில் இருந்திருக்க வேண்டும். நாலு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அக்காவுக்கு அந்தக் கதை தெரியுங்களா?"

"தெரியும். அவ கால்ல விழுற ஆளே இல்ல."

"அப்ப என்னாங்க செஞ்சா?"

  அவள் பஸ்ஸை விட்டு இறங்குகிறதோடு நிறுத்தியிருந்தேன், அதற்கு மேல் நான் எழுதவே இல்லை. இரண்டு வருடமாக அவளை ரோட்டோரத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, கையில் தாள் இல்லை என்றதும் நான் பாட்டுக்குத் தூங்கப் போய்விட்டேன். காயைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பேரும் காத்திருந்தார்கள்.

"சோலியப் பாருங்க" என்று அதட்டினேன். ஒருத்தியும் அசையவில்லை. உடம்பெல்லாம் அசதியாக இருந்தது. இனி பஸ்ஸில் தூங்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

"அடுத்த ஞாயித்துக்கெழம சொல்றேன்" என்று சொல்லித் தொலைத்தேன்.