ஒருத்தர் திரும்பி வரணும்

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். கெஞ்சி நம்பவைக்க எனக்கு நேரமில்லை. பேய்க்கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. 'மணி பன்னிரண்டு, தூரத்தில் நாய் ஊளையிட்டது' என்று ஆரம்பிக்கிற ஆசாமிகளை நான் கிட்டவே சேர்த்ததில்லை. எனக்கு நடந்தது பட்டப்பகலில். ஊளையிட அங்கே ஒரு நாயும் கிடையாது. ஆதாரம் வேண்டுமானால் என் வலது கையைப் பாருங்கள். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நுனி இல்லை.

இருபத்தாறு வருடமாக மலையில், பனிக்காலத்தில் மட்டும், மிருகங்களையும் பறவைகளையும் படம் எடுக்கிறேன். இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பாதிப் பேர் பித்தலாட்டக்காரர்கள். கூண்டில் வளர்த்த நரியைப் படம் எடுத்துவிட்டு 'உயிரைப் பணயம் வைத்தேன்' என்று எழுதுவார்கள். மீதிப் பாதி சூரிய உதயம் எடுக்கிறவர்கள். சூரியன் தினமும்தான் உதிக்கிறது, இதில் என்ன சாமர்த்தியம்?

எனக்கு வேண்டியது கழுகு. பனி படர்ந்த பாறைமேல், பின்னால் சிகரம் தெரிய, ஆறு மீட்டர் தூரத்தில். நான்கு குளிர்காலம் அதற்காகப் போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தேன். ஐந்தாவது முறை கிளம்பும்போது என் மனைவி வாசலில் நின்றாள்.

"இந்தத் தடவையும் போனீங்கன்னா, திரும்பி வரும்போது கதவைத் திறக்க நான் இருப்பேனான்னு தெரியல."

நான் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னேன். "கழுகு எனக்காகக் காத்திருக்காது. நீ காத்திருப்பே."

நல்ல பதில் என்று படி இறங்கும்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மலை விடுதியை நடத்துகிறவருக்கு அறுபது வயதிருக்கும். கம்பளிக் குல்லாவைத் தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். மனதுக்குள் நான் அவரைக் குல்லாக்காரர் என்றே கூப்பிட்டு வந்தேன். விடுதிக்கு மேலே, முக்கால் மணி நேர ஏற்றத்தில், பனிக்குள் பாதி புதைந்த ஒரு மரக்கூண்டு இருக்கிறது. படம் எடுப்பவன் அதற்குள் ஒளிந்து உட்கார வேண்டும். முன்பக்கம் லென்ஸ் நீட்ட ஒரு துளை. பின்பக்கம் கதவு. துளைக்கு எதிரே உள்ள பாறையில் செத்த முயல் ஒன்றைப் போட்டு வைப்பார்கள். இரை போட்டுப் படம் எடுப்பவர்களை நான் மேடையிலேயே திட்டியிருக்கிறேன். இது வேறு.

கழுகு பொல்லாதது. கூண்டுக்குள் ஆள் நுழைவதைப் பார்த்துவிட்டால் அன்று முழுக்கக் கிட்டே வராது. அதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. இரண்டு பேராக ஏறிப் போவார்கள். இரண்டு பேரும் உள்ளே நுழைவார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் மட்டும் வெளியே வந்து, காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க வெளியே கொக்கியை மாட்டிவிட்டு, கழுகின் கண்ணில் படும்படி இறங்கிப் போவார். பறவைக்கு எண்ணத் தெரியாது. ஆள் போய்விட்டான், கூண்டு காலி என்று நினைத்து இறங்கிவிடும். மூன்று மணிக்கு அதே ஆள் போய்க் கதவைத் திறந்துவிடுவார்.

அன்று குல்லாக்காரர்தான் கூட வருவதாக இருந்தது. நான் வேண்டாம் என்றேன். வழியெல்லாம் இருமுவார், தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார். எனக்குக் காலையில் மனிதக் குரலே ஆகாது.

"தனியா போகக் கூடாது சார்."

"யோவ், எனக்குச் சொல்லித் தர்றியா?"

"அதில்ல சார். போனா ஒருத்தர் திரும்பி வரணும். அப்பத்தான் அது கணக்கு."

"உன் முழங்காலை வெச்சுக்கிட்டு அடுப்பைப் பாரு, போ."

அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் சொன்னார். "சமையல்கட்டு ஜன்னல்லேருந்து சரிவு முழுக்கத் தெரியும். மூணு மணிக்கு நீங்க இறங்கலேன்னா நான் ஏறி வந்துடுவேன்." ஒரு வாக்கிடாக்கியைக் கையில் திணித்தார். அதன் கரகரப்பு பறவையை விரட்டிவிடும் என்று அப்போதே அணைத்துப் பைக்குள் போட்டேன்.

7:10க்குக் கிளம்பினேன். இரவு புதுப்பனி விழுந்திருந்தது. சரிவில் ஒரு தடமும் இல்லை. 7:55க்குக் கூண்டுக்குள் நுழைந்து, கதவை உள்ளிருந்து கயிற்றால் கட்டினேன். வெளியே மைனஸ் பத்தொன்பது. உள்ளே மைனஸ் பதினேழு. அவ்வளவுதான் வித்தியாசம்.

8:20.

டக்.

பின்னால், கதவுப் பக்கம். கொக்கி விழுகிற சத்தம்.

பிறகு பனியில் காலடி... சரக்... சரக்... சரக்... இறங்கிப் போனது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. குல்லாக்காரர்தான். சொன்ன பேச்சைக் கேட்காமல் பின்னாலேயே ஏறி வந்து, கொக்கியை மாட்டிவிட்டு, தன் பங்கு நாடகத்தை நடத்திவிட்டுப் போகிறார். கூண்டில் பின்பக்கம் பார்க்க ஒரு ஓட்டைகூடக் கிடையாது. சாயங்காலம் கவனித்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

8:41க்குக் கழுகு வந்தது.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மூன்று மணி நேரமாவது சுற்றிச் சுற்றிப் பார்த்துத்தான் இறங்கும் என்பார்கள். இது நேராக வந்து பாறையில் உட்கார்ந்தது. பின்னால் சிகரம். பக்கவாட்டில் மஞ்சள் வெயில். நான் ஷட்டரை அழுத்திய அழுத்தில் கேமரா தையல் மிஷின் மாதிரி ஓடியது. கழுகு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மடப் பறவை என்று சிரித்துக்கொண்டேன்.

9:30க்கு எனக்குத் தும்மல் வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கூண்டே அதிரும்படி தும்மினேன். நான்கு வருட உழைப்பு போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

கழுகு திரும்பவில்லை.

லென்ஸ் மூடியைத் தகரத் தரையில் போட்டேன். வேண்டுமென்றேதான். டங் என்றது.

திரும்பவில்லை.

பலகையைத் தட்டினேன். துளை வழியே கையை விட்டு ஆட்டினேன். "ஏய்!" என்று கத்தினேன். முயல் அசைவதை ஒரு மைல் தொலைவில் கண்டுகொள்கிற பறவை... சிறகைக் கோதிக்கொண்டிருந்தது.

அதன் கண் என்மீது பட்டது. பட்டு, பின்னாலிருக்கும் பலகைக்குப் போனது. நடுவில் எதுவும் இல்லாத மாதிரி.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. 8:20க்குக் காலடி இறங்கிப் போனதைக் கேட்டேன்.

ஏறி வந்ததைக் கேட்கவில்லை.

மதியம் வரை அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். படம் எடுத்தேன். கத்தினேன். மறுபடி எடுத்தேன். வெயில் போய் மேகம் கவிந்தது. கால்விரல்கள் மரத்துப்போயின.

3:00. யாரும் வரவில்லை.

3:15. கயிற்றை அவிழ்த்துக் கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. தோளால் இடித்தேன். கொக்கி வெளியே கிளிங் கிளிங் என்றது.

3:22. வாக்கிடாக்கியை எடுத்தேன்.

"யோவ், எங்கே இருக்கே? வந்து கதவைத் திற!"

கரகரப்பு. பிறகு குல்லாக்காரர் குரல். "யாரு பேசுறது?"

"நான்தான்யா! கூண்டுல இருக்கேன்!"

அந்தப் பக்கம் அடுப்பில் விறகு வெடிப்பது கேட்டது.

"சார் காலையிலேயே இறங்கி வந்துட்டாரே... இங்கதான் உக்காந்திருக்காரு."

"என்ன உளர்றே?"

அவருக்குப் பின்னால் ஒரு குரல். மெதுவாக. அன்பாக.

"யாருங்க அது?"

என் குரல்.

வாக்கிடாக்கி செத்துவிட்டது. குளிருக்கு பேட்டரி தாங்காது. அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

பயந்தேன். அதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை. வயது ஐம்பத்து நான்கு, பயத்தில் பல் தந்தியடித்தது. யாரும் வரப்போவதில்லை. அவர்கள் கணக்குப்படி நான் கீழே அடுப்படியில் இருக்கிறேன். விடிவதற்குள் விறைத்துப் போவேன்.

முன்பலகையை உடைக்க வேண்டும். கேமரா முக்காலியால் அடித்தேன், அதன் கால் முறிந்தது. பிறகு லென்ஸைக் கழற்றினேன். என் மனைவிகூடத் தொடக் கூடாது என்று பூட்டி வைத்த லென்ஸ். பிடி வழுக்கியதால் வலது கை உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சுத்தியல் மாதிரி அடித்தேன். கண்ணாடி சிதறியது. ஒரு பலகை போக ஒரு மணி நேரம் ஆனது.

4:50. தலையை வெளியே நீட்டி, வயிற்றால் தவழ்ந்து வந்தேன்.

கழுகு பாறையிலேயே இருந்தது. கைக்கெட்டும் தூரத்துக்குக் கிட்டே போனேன். பறக்கவில்லை. அது சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தது, விடுதிப் பக்கமாக.

பின்பக்கம் போனேன். மங்கலான வெளிச்சத்திலும் நன்றாகத் தெரிந்தது. ஏறி வந்த தடம் ஒன்று. இறங்கிப் போன தடம் ஒன்று. இறங்கிய தடம் கதவடியில் ஆரம்பித்தது. என் பூட்ஸ்தான். பனியில் வழுக்காமலிருக்க அடியில் பதித்த முள்களில், இடது குதிகாலில் ஒன்று உதிர்ந்திருக்கும். அதிலும் உதிர்ந்திருந்தது.

அந்தத் தடத்தில் கால் வைக்காமல் தள்ளி நடந்தேன்.

6:05க்கு விடுதிக் கதவைத் திறந்தேன். குல்லாக்காரர் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"சார்... நீங்க மேல படுத்திருக்கீங்க."

"எப்ப வந்தேன்?"

"ஒன்பது மணிக்கு. ஜன்னல்ல பாத்தேன். நீங்க இறங்குறது தெரிஞ்சுது."

"அந்த வாக்கிடாக்கி?"

"யாரோ விளையாடுறாங்க, விட்டுடுங்கன்னு நீங்கதான் சொன்னீங்க."

இரண்டு பேரும் மாடிக்குப் போனோம். அறை காலி. ஜன்னலைப் பனி அடைத்திருந்தது. கட்டிலில் ஆள் படுத்த பள்ளம். போர்வை நாலாக மடித்து வைத்திருந்தது. என் வாழ்நாளில் நான் போர்வை மடித்ததில்லை.

குல்லாக்காரர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சூப் குடிச்சிட்டு நன்றி சொன்னீங்க. அப்பவே நான் சந்தேகப்பட்டிருக்கணும். அப்புறம் என் பேரைக் கேட்டீங்க சார். அஞ்சு வருஷமா வர்றீங்க, ஒரு நாளும் கேட்டதில்ல."

அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குமேல் கேட்கக் கூச்சமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். இரண்டு விரல் நுனியை எடுத்தார்கள். மனைவிக்குச் சொல்லவில்லை. பரிதாபப்படுவாள், அது எனக்குப் பிடிக்காது. பத்தாம் நாள் வீட்டு மணியை அடித்தேன். அவள் இருக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

கதவு உடனே திறந்தது. தலை சீவி, நல்ல புடவை கட்டியிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் தோளுக்குப் பின்னால், படிக்கட்டைப் பார்த்தாள்.

"நீங்க மட்டுமா வந்தீங்க?"

கழுகு வந்த அன்று மதியம் 1:10க்கு நான் போன் செய்தேனாம். அவள் போனைக் காட்டினாள். விடுதியின் எண். நாற்பது நிமிடம். அந்த நேரத்தில் நான் பூட்டிய கூண்டுக்குள் ஒரு பறவையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன்.

"மன்னிப்புக் கேட்டீங்க. நான் தனியா இருந்த ஒவ்வொரு குளிர்காலத்தையும் சொல்லிச் சொல்லிக் கேட்டீங்க. எனக்கே மறந்துபோனதெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சு. நான் அழுதுட்டேன்."

"வேற என்ன சொன்னேன்?"

அவள் மறுபடி படிக்கட்டைப் பார்த்தாள்.

"சொல்லு."

"'நான் கண்டிப்பா வந்துடுவேன். எனக்கு முன்னாடி என்னை மாதிரியே ஒருத்தன் வருவான். திட்டாம சோறு போடு. பாவம், அவனுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது'ன்னு."

இது நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. கழுகுப் படத்துக்கு மூன்று பரிசு. நடுவர்கள் எழுதுகிறார்கள், 'விலங்குகளின் நம்பிக்கையை வென்ற கலைஞர்' என்று. நம்பிக்கையாவது மண்ணாவது! இப்போது எந்த மிருகமும் என்னைக் கண்டு ஓடுவதில்லை. மான் என் பூட்ஸை மோந்துவிட்டு மேய்கிறது. கூண்டில் ஆளில்லை என்று கழுகு அன்று எண்ணியது சரி என்று எல்லா மிருகமும் ஒத்துக்கொண்ட மாதிரி.

மனைவி என்னை விட்டுப் போகவில்லை. வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள். ஒரு நாளும் திட்டியதில்லை. இருபத்தாறு வருடம் ஊரிலுள்ளவர்களையெல்லாம் துச்சமாகப் பார்த்தவன் நான். என்னை யாராவது பாவம் என்று பார்த்தால் எப்படியிருக்கும் என்று இப்போது தினமும் மூன்று வேளை தெரிந்துகொள்கிறேன்.

நேற்று மாலை பால்கனியில் உட்கார்ந்திருந்தபோது, 4:15க்கு மணி அடித்தது. நான் எழுவதற்குள் அவள் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடினாள். கூரியர்காரன்தான். அவள் முகம் விழுந்துவிட்டது. கதவை அவள் சாத்திய சத்தத்தில் பால்கனியில் இருந்த புறாக்களெல்லாம் படபடவென்று பறந்துவிட்டன.

என் முழங்காலில் உட்கார்ந்திருந்த புறாவும் பறந்தது. அவளுக்குப் பயந்து. எனக்கல்ல.