தேயிலைக்குள் இரண்டு சைக்கிள்கள்

மலேசியாவின் மலையூரான பிரிஞ்சாங்கில் நான் வேலை செய்யும் ஹோட்டலுக்கு ஒரு மதியம் ஒரு கணவனும் மனைவியும் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். தாப்பாவிலிருந்து மலையேறி மிதித்தே வந்திருந்தார்கள். இருவருக்கும் தலை முழுக்க நரை. சாவியை வாங்கிக்கொண்டு அறைக்குப் போகாமல், என் மேசையில் சாய்ந்துகொண்டு ஸ்பெயினில் சைக்கிள் ஓட்டிய கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சரளைக்கல் பாதையாம். காலையில் ஓர் ஊரில் கிளம்பினால் சாயங்காலம் அடுத்த ஊர் வரும்வரை ஒரு கார்கூடக் கண்ணில் படாதாம். அந்த அம்மா கைப்பேசியில் படம் காட்டினார். வரிவரியாகக் கொடிகள், நடுவில் வெளுத்த பாதை, அதன்மேல் இரண்டு பேரின் நிழல்.

“உங்கள் தேயிலைத் தோட்டத்துக்குள்ளும் இப்படிப் பாதை இருக்குமே, யாரும் ஓட்டுவதில்லையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பாதை இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்ததே அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடுகளில், லயத்தில்தான். அந்தக் கல் ரோட்டில் பள்ளிக்கூடத்துக்கு நடந்திருக்கிறேன், கொழுந்து லோரியின் பின்னால் தொற்றிக்கொண்டு போயிருக்கிறேன். சந்தோஷத்துக்காக அங்கே ஒருவர் போகலாம் என்பது மட்டும் இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட என் மூளைக்கு எட்டவில்லை. இன்னொரு சங்கடமும் இருந்தது. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. மேட்டு லயத்தில் வளர்ந்தவர்கள் பலருக்கும் தெரியாது. வாசலை விட்டு இறங்கினால் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் பள்ளம். இதில் எங்கே பழகுவது?

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது இதைச் சொல்லி, சைக்கிள் பழகப்போகிறேன் என்றேன். அவன் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறான், இன்னமும் அதே லயத்தில்தான் இருக்கிறான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்குப் புரையேறிவிட்டது.

“ஏன்க்கா, இந்த வயசுல உனக்கு சைக்கிளா? விழுந்தா நான்தான் லோரில தூக்கிப் போட்டு ஆஸ்பித்திரிக்குக் கொண்டு போவணும் லா.”

அடுப்படியிலிருந்து அவன் மனைவியின் குரல் வந்தது. “எனக்கு ஓட்டத் தெரியும்.”

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் என்னிடம் அளவாகத்தான் பேசுவாள். நான் போனால் நல்ல தட்டை எடுத்துக் கழுவிப் பரிமாறுவாள், அதோடு சரி. பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பெண் அவள். அங்கே நிலம் சமதளம். செம்மண் ரோட்டில் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில்தான் போய் வந்தாளாம். மலைக்கு வந்த பிறகு தொடவே இல்லையாம்.

“அண்ணி, நீங்க வாங்குனா எனக்கும் ஒன்னு சேர்த்துப் பாருங்க. சம்பளத்துல தர்றேன்” என்றாள். கரண்டி கையில் அப்படியே நின்றது.

ஈப்போவில் ஒரு பழைய சைக்கிள் கடையில் தடித்த டயர் போட்ட இரண்டு சைக்கிள்கள் கிடைத்தன. காய்கறி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லோரி ஒன்றில் அவை மலையேறி வந்தன. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பாடாங், அந்தப் பந்து விளையாடும் திடல்தான் எனக்குப் பள்ளிக்கூடம். அவள் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவருவாள், நான் கத்திக்கொண்டே விழுவேன். முழங்கால் இரண்டும் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தபோது ஒரு சாயங்காலம் திரும்பிப் பார்த்தேன். அவள் பாடாங்கின் அந்தக் கோடியில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். நான் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தேன். அதைக் கண்ட பயத்திலேயே மறுபடி விழுந்தேன் என்றாலும், விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தேன்.

தம்பி போய்த் தோட்டத்து மேனேஜர் துரையிடம் அனுமதி கேட்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை லோரி ஓடாது, போகட்டும், பத்திரம் என்று சொல்லிவிட்டாராம்.

அந்த வாரம் நீண்ட விடுமுறை. கோலாலம்பூரே மலைக்கு ஏறி வந்துவிட்டதுபோல ஹோட்டலில் ஓர் அறை மிச்சமில்லை. எனக்கு எப்படியோ ஞாயிறு லீவு கிடைத்தது. விடிந்ததும் லயத்திலிருந்து கிளம்பினோம். காய்கறிச் சந்தை இருக்கும் கியா பார்ம் வரை தோட்டத்துக்குள்ளேயே போய் இறங்குவது என்று திட்டம். தம்பி சாமான் வாங்கக் காரை எடுத்துக்கொண்டு பிரிஞ்சாங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். “முடியலன்னா போன் அடிங்க, வந்து ஏத்திக்கிறேன்” என்றான். நாங்கள் இறங்குவதற்குள் ஊருக்குப் போய்த் தன் வேலையையும் முடித்துவிடலாம் என்ற தெம்பு அவன் முகத்தில் தெரிந்தது.

மூடுபனி புதர்களின்மேல் படுத்துக்கிடந்தது. சக்கரத்துக்குக் கீழே சரளை நறநறவென்று பேசிக்கொண்டே வந்தது. வேறு சத்தமே இல்லை. வாரநாட்களில் மருந்தடிக்கும் இயந்திரம் இரையும், லோரி உறுமும், ஆட்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவார்கள். இன்று மலை முழுக்க எங்கள் இருவருடையது. ஏற்றத்தில் மிதிக்க முடியாத இடங்களில் இறங்கித் தள்ளினோம். ஒவ்வொரு வளைவுக்கும் தேயிலை வேறு பச்சையாக மாறியது. நான் ஒவ்வொரு வளைவிலும் “இங்க பாரும்மா, இங்க பாரும்மா” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். தினமும் இதற்குள் வேலை செய்தவளிடம் நான் காட்டுகிறேன்! அவளும் முதல்முறை பார்ப்பவள்போல “ஆமாண்ணி” என்று ஒவ்வொரு முறையும் நின்று பார்த்தாள்.

முகட்டுக்கு வந்தபோது பனி விலகியது. எதிர்ச் சரிவில், வெகு கீழே, கியா பார்ம் ரோடு தெரிந்தது. கார்கள் ஒன்றின் வாலை ஒன்று கடித்தபடி அசையாமல் நின்றன. எறும்பு வரிசையாவது நகரும்.

“உங்க தம்பி அதுக்குள்ளதான் இருப்பாரு” என்றாள். இருவருக்கும் சிரிப்பு அடங்கவே இல்லை.

அதன்பிறகு இறக்கம். நான் பிரேக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினேன். என் பக்கத்தில் ஏதோ விர்ரென்று போனது. அவள்தான். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, உடம்பை வளைத்து, பெடலில் எழுந்து நின்றபடி பறந்தாள். கற்கள் தெறித்தன. நல்ல தட்டைக் கழுவிப் பரிமாறும் அந்தப் பெண்ணா இவள்? பார்த்துக்கொண்டே இருந்ததில் வளைவை விட்டுவிட்டேன். சைக்கிள் பாதையில் நின்றது, நான் மட்டும் தேயிலைக்குள் போனேன். புதர் என்னை மெத்தைபோல வாங்கிக்கொண்டது. வாயில் இரண்டு இலை.

“அண்ணி!” கீழேயிருந்து அலறல். “அண்ணி, எங்க இருக்கீங்க?”

“இங்கதான். கொழுந்து எடுத்துக்கிட்டு இருக்கேன்” என்றேன்.

அவள் ஓடிவந்து கையைக் கொடுத்து இழுத்தாள். இழுக்க முடியாமல் அவளும் என்மேல் விழுந்தாள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் பாதையே இல்லாமல் போனது. முந்தைய மழையில் ஓடை பொங்கி, கல்லையும் மண்ணையும் அடித்துக்கொண்டு போயிருக்கிறது. பாதை இருந்த இடத்தில் செக்கச்செவேலென்று ஒரு பள்ளம், அதற்கு அந்தப்பக்கம் பாதை ஒன்றும் நடக்காததுபோலத் தொடர்கிறது. தம்பிக்கே இது தெரிந்திருக்காது, லோரி இந்தப் பக்கம் வருவதில்லை. எனக்கு அழுகை முட்டியது. திரும்பினால் அந்த ஏற்றம் முழுக்கத் தள்ள வேண்டும்.

அவள் மேலும் கீழும் பார்த்தாள். ஃபேக்டரிக்குள் தூள் சலிக்கும் வேலைக்குப் போவதற்கு முன் சில வருஷம் கொழுந்து எடுத்தவள்.

“மேல ரெண்டு நிரை தாண்டினா கொழுந்து எடுக்குற ஆளுங்க நடக்குற வழி இருக்கும். ஓடைய அங்க தாண்டிரலாம். தூக்குவீங்களா?”

“சைக்கிளையா?”

“பின்ன என்னையா?”

அவள் என்னைக் கேலி செய்தது அதுதான் முதல் தடவை. அழுகை போன இடம் தெரியவில்லை. தேயிலைப் புதர்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை, சைக்கிளை உருட்ட முடியாது. தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, இலைகளின் ஈரத்தில் இடுப்புவரை நனைந்து, கிளைகள் கால்களைக் கீற, ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். ஓடையில் தண்ணீர் கெண்டைக்கால் அளவுதான், ஆனால் ஐஸ் மாதிரி. அவள் முதலில் தாண்டி, தன் சைக்கிளைக் கிடத்திவிட்டுத் திரும்பி வந்து என்னுடையதன் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கரை ஏறியதும் ஏதோ மலேசியா கோப்பையையே ஜெயித்துவிட்டவர்கள்போல இருவரும் கத்தினோம். மலை அதைத் திருப்பிக் கத்தியது.

தேயிலை முடிந்து காய்கறித் தோட்டம் ஆரம்பித்ததை மூக்குதான் முதலில் சொன்னது. கோழி எரு. பிளாஸ்டிக் கூடாரங்களுக்கு நடுவே நாலைந்து நாய்கள் குரைத்துக்கொண்டு பாய்ந்து வந்தன. நான் நின்றுவிட்டேன். அவள் நிற்கவில்லை. தொண்டை கிழிய “டேய்ய்!” என்று கத்திக்கொண்டு நேராக நாய்களை நோக்கியே மிதித்தாள். நாய்கள் குழம்பிப்போய் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டன. கூடாரத்திலிருந்து தோட்ட முதலாளியான சீனத் தவுக்கே ஓடிவந்து நாய்களை அதட்டினார். சேறும் இலையுமாக நிற்கும் எங்களைப் பார்த்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். அவள் மேலே முகட்டைக் கைகாட்டினாள். அவர் முகட்டைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு கை நிறையத் தக்காளி கொண்டுவந்து கொடுத்தார். பெரிய ரோட்டில் போகாதீர்கள், காலையிலிருந்து நகரவில்லை என்றும் எச்சரித்தார்.

ஆனால் எங்களுக்கு அந்த ரோட்டைப் பார்த்தே ஆகவேண்டும். தக்காளியைக் கடித்துக்கொண்டே போய் இறங்கினோம். நிற்கும் கார்களின் ஓரமாக மெல்ல ஓட்டினோம். ஆட்கள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள். ஒருவர் கைதட்டினார். ஸ்ட்ராபெரி கடைகளைத் தாண்டியதும், முன்னால் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வெள்ளைக் கார். அவள் கண்ணாடியைத் தட்டினாள்.

தம்பி திரும்பினான். அவனுக்குத் தன் மனைவியை அடையாளம் தெரியவில்லை. “யாரு…” என்று தொடங்கி, பிறகுதான் வாயைப் பிளந்தான். “எப்படி வந்தீங்க?”

“மிதிச்சு” என்றாள். “சாமான் வாங்கிட்டீங்களா?”

“எங்க வாங்குறது? இன்னும் ஊருக்கே போய்ச் சேரல லா.”

“சரி, என்ன வேணும்னு சொல்லுங்க. நாங்க போய் வாங்கிட்டு வர்றோம்.”

அப்படியே செய்தோம். பிரிஞ்சாங்குக்குப் போய் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால், கார் அவித்த சோளம் விற்கும் கடைவரைதான் நகர்ந்திருந்தது. பையை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்துவிட்டு, மூன்று பேருமாகச் சோளம் தின்றோம். அவன் காருக்குள்ளே, நாங்கள் வெளியே. சைக்கிள்களைக் காரில் ஏற்றிக்கொள்ளலாம் என்று அவன் சொல்லிப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். வந்த வழியே திரும்பினோம்.

பாதி வழியில் மழை பிடித்தது. முகட்டிலிருந்து இறங்கி லயத்தை நெருங்கியபோது எங்கள் உடம்பில் காய்ந்த இடம் ஒன்றுமில்லை. மழை விட்டிருந்தது. துணி காயப்போட வெளியே வந்த பெண்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்கே போனீர்கள், விழுந்தீர்களா, பயமாக இல்லையா என்று ஆளாளுக்குக் கேள்வி. அவள் கைகளை வீசி நாய்க் கதையைச் சொன்னாள். எதிர்வீட்டுக்காரம்மா ஒருவர், எந்நேரமும் முதுகுவலி என்று சொல்பவர், சைக்கிளின் மணியை மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

“எனக்கு ஒரு ரவுண்டு தர்றியா?” என்றார்.

“ஏறுங்கக்கா” என்று அவள் கைப்பிடியை நீட்டினாள்.

அவர் சாரோங்கை முழங்காலுக்குமேல் சொருகிக்கொண்டு ஏறினார். நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டோம். லயத்து வாசல்களெல்லாம் ஆட்கள். சைக்கிள் வளைந்து வளைந்து போக, அந்த அம்மா போட்ட கூச்சலில் கூண்டுக் கோழிகள் எல்லாம் எழுந்து கத்த ஆரம்பித்தன.

“விட்றாதீங்கடி! விட்றாதீங்கடி!” என்று கத்தினார். அதே மூச்சில், “இன்னும் வேகமா தள்ளுங்கடி!” என்றார்.