மெயின் இறக்குன நேரத்துல ஏறுன ஃபைல்

அண்ணாச்சி, முதல்லயே ஒண்ணு சொல்லிருதேன். பேய், ஆவி, காத்து கருப்பு, இதுல எல்லாம் எனக்கு ஒரு மண்ணு நம்பிக்கையும் கிடையாது. எங்க சித்திக்குக் கோயில் கொடையில சாமி வந்தப்ப, ரத்தம் கம்மியா இருக்கும், டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு சொல்லி அடி வாங்குனவன் நான். மும்பைப் பக்கம் வாஷியில ஒரு கம்பெனில பதினோரு வருஷமா சர்வர் பாக்குற வேலை. கம்ப்யூட்டர் தானா எதுவும் செய்யாது, எவனோ எழுதி வச்சதைத்தான் செய்யும், தப்பு நடந்தா எழுதுனவன் தப்புன்னு புதுசா வர்றவங்களுக்கு நானே பாடம் எடுக்குதேன். அதனால நீங்க சிரிச்சாலும் கோவப்பட மாட்டேன். வேற எவனும் இதை வந்து எங்கிட்ட சொல்லியிருந்தா நானும் சிரிச்சுத்தான் இருப்பேன். இது நடந்தது ராத்திரி கூட இல்ல, பட்டப்பகல், பன்னெண்டே முக்கால் மணி.

எங்க ரூம் தாராவியில காதர் பாயோட தோல் பை பட்டறைக்கு மேல. இரும்பு ஏணியில ஏறிப் போகணும், கரண்டும் அவர் போர்டுல இருந்துதான். முன்னால ஒரு வெள்ளிக்கிழமை எல்லாரும் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்த நேரம் பார்த்து பக்கத்துச் சந்துல ஒரு பட்டறையில வயர் உருகித் தீப்பிடிச்சுருச்சு. அதுல இருந்து பாய் வெள்ளிக்கிழமை பன்னெண்டரைக்கு மெயின் சுவிட்சை இறக்கிட்டுத்தான் தொழப் போவாரு. தொழுது, சாப்பிட்டு, ரெண்டரைக்கு வந்து தூக்கி விடுவாரு. எனக்கு வார லீவு வெள்ளிக்கிழமைதான். ஃபேன் இல்லாம நானும் என் பொண்டாட்டி செல்வியும் வேர்த்து வழிஞ்சுக்கிட்டு உக்காந்திருப்போம். அவ அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் கேப்பா, "ஏங்க, மெயின் வந்துட்டா?" கண்ணு முன்னால ஃபேன் நிக்குது, அதைப் பாத்துக்கிட்டேதான் கேப்பா. நானும் "இன்னும் வரல, கொஞ்சம் பொறு"ம்பேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து இதே கூத்து.

அப்புறம் அவளுக்கு மார்புல கட்டின்னாங்க. நாலு மாசம்னு டாக்டர் எங்கிட்ட தனியா சொன்னாரு. அதை அவ என் மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சுட்டா. எங்க மக பவிக்கு அப்ப ஏழு முடிஞ்சிருந்துச்சு. செல்வி அழல, ஒரு யோசனை சொன்னா. பவிக்கு எட்டு வயசுல இருந்து பதினெட்டு வரைக்கும் பிறந்தநாளுக்கு ஒண்ணு, பெரிய மனுஷி ஆனா ஒண்ணு, கல்யாணத்துக்கு ஒண்ணு, எல்லாம் இப்பவே போன்ல பேசி வச்சிருதேன்னா. பெரிய கம்பெனிக்காரன் சர்வர்ல ஏத்தி வைக்கலாம்னு சொன்னேன். ஒத்துக்கல. "எவன் எவனோ கேப்பான். எம் பேச்சு நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்"னா.

சர்வர்தான் நமக்குச் சோறு போடுற தொழில் ஆச்சே, பெருமை வேற. ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட ஒரு சர்வர் பெட்டியைக் கேட்டு வாங்கி பரண்ல வச்சு, போட்டோவும் குரலும் சேத்து வைக்கிற ஒரு சாஃப்ட்வேரை அதுல போட்டேன். செட்டிங் பூரா நானே எழுதுனேன். அவ போன்ல இடம் கிடையாது, அதனால சர்வருக்கு ஏறுன உடனே போன்ல அழிஞ்சிரும்படி வச்சேன். பெட்டியில பழைய டிஸ்க், ஓடுனா கரகரன்னு சத்தம், ஒத்த ரூம்ல நோயாளி தூங்க முடியல. அதனால ஏறுறது எல்லாம் முதல்ல மெமரியில நிக்கட்டும், வாரத்துக்கு ஒரு தரம் டிஸ்க்ல எழுதிக்கட்டும்னு வச்சேன். மெமரியில உள்ளது கரண்டு போனா போயிரும், அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதுக்காகத்தான் வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணின்னு குறிச்சேன், பாய் மெயின் இறக்க அரை மணி நேரம் முன்னால. கரண்டு வந்தா பெட்டி தானா எந்திரிச்சுக்கும். எவ்வளவு புத்திசாலித்தனம் பாருங்க.

ஒரே ஒரு வரி விட்டுப் போச்சு. எந்த ஊர் நேரம்னு ஒரு வரி இருக்கும். அதை நிரப்பலைன்னா பெட்டி உலகப் பொது நேரத்துல ஓடும், நம்மளைவிட அஞ்சரை மணி நேரம் பிந்தி. அந்த வரியை நான் காலியா விட்டுட்டேன்.

பெட்டிக்குப் பன்னெண்டு மணி அடிக்கும்போது நமக்குச் சாயங்காலம் அஞ்சரை. பன்னெண்டரைக்கே பாய் மெயினை இறக்கிருவாரு, அந்த வாரம் ஏறுனது பூரா போயிரும். ரெண்டரைக்குக் கரண்டு வந்து அஞ்சரைக்குள்ள எது ஏறுச்சோ அது மட்டும்தான் தங்கும். வாரத்துல மூணே மணி நேரம். அந்த மூணு மணி நேரம் செல்வி வெள்ளிக்கிழமை தோறும் ஆஸ்பத்திரி பெட்ல மருந்து ஏத்திக்கிட்டுப் படுத்திருப்பா.

இது எதுவும் எனக்கு அப்பத் தெரியாது. அவ பேசுற நேரம் என்னையும் பவியையும் கீழ அனுப்பிருவா, "வெக்கமா இருக்கு, போங்க"ம்பா. அந்த சாஃப்ட்வேருக்கு என் போன்ல ஒரு ஆப், அதுல ஒவ்வொண்ணுக்கும் பேர் மட்டும் வந்து தங்கிரும், 8 வயசு, 9 வயசுன்னு. பேர் இருக்கே, பேச்சும் இருக்கும்னு நினைச்சுட்டேன். ஒரு நாளாவது ஒண்ணை அமுக்கிக் கேட்டுப் பாத்திருக்கலாம். பவிக்குன்னு பேசுனதை நாம கேக்கக் கூடாதுன்னு ஒரு மரியாதை, அந்த மரியாதை கெட்டுத் தொலைய. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில என் கையைப் புடிச்சுக்கிட்டு, "நான் பேசினதெல்லாம் பத்திரமா இருக்குல்லங்க?"ன்னு கேட்டா. "நம்ம வீட்டுக்குள்ள இருக்கு, எங்க போகும்"னேன். அதைக் கேட்டுத்தான் கண்ணை மூடுனா.

பதினாறாம் நாள் காரியம் கழிஞ்ச பிறகு பவிக்குத் தூக்கம் வரலைன்னு, பிறந்தநாள் வரைக்கும் எதுக்குக் காத்துக் கெடக்கணும், ஒண்ணு போட்டுக் காட்டுவோம்னு, அவ பாக்காம முதல்ல நான் அமுக்குனேன். வட்டம் சுத்திச்சு, ஃபைல் இல்லைன்னு வந்துச்சு. அடுத்ததும் இல்லை. பரண்ல ஏறி டிஸ்க்கைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலங்கள் மட்டும் இருந்துச்சு. நாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும்போது பக்கத்து வீட்டுல பவி அவ அம்மா போனை வச்சு எடுத்த போட்டோ. பாதிக் கால், ஒரு பக்கெட்டு, பாயோட பட்டறையில தொங்குற பை. செல்வியோட ஒரு வார்த்தை இல்ல. அழிஞ்சதை எடுத்துத் தர்ற ஆளுக்கிட்ட செல்வி போனைக் கொண்டு கொடுத்தேன், டிஸ்க்கைக் கொடுத்தேன், கைய விரிச்சுட்டான். மெமரியில இருந்து போனது போனதுதான், எனக்குத் தெரியாததா. பேட்டரி ஊதிப்போன அந்தப் போனைத் துணியில சுத்தி பீரோவுல வச்சுப் பூட்டுனேன். அந்த ஒத்த வரியைக்கூட நிரப்பல. இனி அது எந்த ஊர் நேரத்துல ஓடுனா எனக்கென்ன.

இப்பத்தான் விஷயத்துக்கு வாரேன். ஒரு வெள்ளிக்கிழமை, பவி பள்ளிக்கூடத்துல, நல்ல மழை. பன்னெண்டரைக்குக் கீழ மெயின் இறங்குச்சு. ஃபேன் நின்னுச்சு, பெட்டியோட பச்சை லைட்டும் போச்சு. நான் பீரோவுல சாஞ்சு தரையில உக்காந்து, யாரும் இல்லைங்கிற தைரியத்துல வாய்விட்டு அழுதேன். அப்படி அழுதுக்கிட்டு இருக்கும்போதே, ஏன்னு தெரியல, "இன்னும் வரல, கொஞ்சம் பொறு"ன்னு என் வாய் சொல்லிச்சு. நாலு சுவரும் நானும்தான் இருக்கோம், யாருக்குச் சொல்லுதேன்? கிறுக்குப் புடிச்சுருச்சுலேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பழக்க தோஷம்னு விட்டுட்டேன்.

கொஞ்ச நேரத்துல பாக்கெட்டுல என் போன் அதிர்ந்துச்சு. எடுத்துப் பாத்தா ஆப்ல இருந்து: செல்வி போன், ஒரு ஃபைல் ஏறியது.

நம்புனா நம்புங்க, நம்பாட்டி விடுங்க. பீரோவுல போன் செத்துக் கெடக்கு, சிம் கூட இல்ல. பரண்ல பெட்டி செத்துக் கெடக்கு. எதுல இருந்து எதுக்கு ஏறுச்சு? பீரோவைத் திறந்து பாத்தேன், சுத்துன துணி சுத்துன மாதிரியே இருந்துச்சு. ரெண்டரை வரைக்கும் நான் அந்த இடத்தை விட்டு எந்திரிக்கல. பாய் வந்து மெயினைத் தூக்குன உடனே பெட்டி எந்திரிச்சுச்சு. உள்ள போய்ப் பாத்தேன். பன்னெண்டரையில இருந்து ரெண்டரை வரைக்கும் பெட்டி தானா எழுதி வைக்கிற குறிப்புல ஒரு வரி இல்ல, அது ஓடவே இல்லைன்னு அர்த்தம். ஆனா ஒரு ஃபைல் இருந்துச்சு. நாலு நிமிஷம். நேரம் பன்னெண்டு நாப்பத்தொண்ணு.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிச்சுக் கேளுங்க. அந்தப் பெட்டிக்கு நம்ம ஊர் நேரம் தெரியாது. அது போட்டிருந்தா ஏழு பதினொண்ணுன்னுதான் போட்டிருக்கும். அந்த ஒரு ஃபைல்ல மட்டும் நம்ம ஊர் நேரம். பதினோரு வருஷ சர்வீஸ்ல இதுக்கு எனக்கு விளக்கம் தெரியல.

முதல் வேலையா அதை ஒரு பென் டிரைவ்ல எடுத்துட்டு, அப்புறம்தான் போட்டுக் கேட்டேன். தகர ஷீட்டுல மழை விழற சத்தம். கீழ மெஷின் சத்தம் கிடையாது. ஒரு ஆம்பளை அழுகுறான். நான்தான். அப்புறம் ரொம்பப் பக்கத்துல, "ஏங்க, மெயின் வந்துட்டா?" உடனே என் குரல், "இன்னும் வரல, கொஞ்சம் பொறு."

அது நல்லா இருந்தப்ப உள்ள குரல் இல்ல அண்ணாச்சி. கடைசி மாசத்துக் குரல், ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்குற குரல். அதைத்தான் என்னால தாங்க முடியல. போன இடத்துலயும் அவளுக்குச் சுகம் ஆகல போல. பிறகு மழைச் சத்தம் மட்டும். பிறகு அவ, "நான் பேசினதெல்லாம் பத்திரமா இருக்குல்லங்க?" பதில் இல்ல. எனக்குக் கேக்கவே இல்லையே, எப்படிச் சொல்லுவேன், நான் பாட்டுக்கு மூக்கை உறிஞ்சுக்கிட்டு இருக்கேன். இன்னொரு தரம் கேக்கா. அதுக்கும் பதில் இல்ல. கடைசியா "ஏங்க?"ன்னு மட்டும். அதோட ஃபைல் முடிஞ்சுச்சு.

எனக்கு மூளை கலங்கிருச்சான்னு பாக்க, கீழ போய் காதர் பாய்க்குப் போட்டுக் காட்டுனேன். செல்வியை அவருக்கு நல்லாத் தெரியும், தங்கச்சின்னுதான் கூப்பிடுவாரு. கேட்டு முடிச்சு மெயின் சுவிட்சையே பாத்தாரு.

"தம்பி, நான் மெயினை இறக்காம இருந்திருந்தா தங்கச்சி பேசுனது இருந்திருக்கும், அப்படித்தானே?"ன்னாரு.

"பாய், உங்க மேல ஒரு தப்பும் இல்ல. ஒரு வரி, நான் நிரப்பல."

அவரு கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "எதுவா இருந்தாலும் பதிலைச் சொல்லிருங்க தம்பி. கேட்டுட்டு நிக்குது பாவம்"னாரு.

அடுத்த வெள்ளிக்கிழமை உண்மையைச் சொல்லிரணும்னுதான் உக்காந்தேன். வாரம் பூரா மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன், செல்வி, எல்லாம் போச்சு, நான்தான் தொலைச்சேன், மன்னிச்சுருன்னு. மெயின் இறங்குச்சு. நாப்பத்தொண்ணு ஆச்சு. காதுல எதுவும் விழல, கேக்குதாளா இல்லையான்னு தெரியாது. வாயைத் திறந்தேன். "பத்திரமா இருக்கு செல்வி, எங்க போகும்"னு வந்துச்சு.

போன் அதிர்ந்துச்சு. ரெண்டரைக்குப் பாத்தேன், மூணு செகண்டு ஃபைல், அதுலயும் நம்ம ஊர் நேரம். "சரிங்க." அவ்வளவுதான். ஒரு பெரிய மூச்சு விட்டுச் சொல்லியிருக்கா.

அதுக்கப்புறம் எத்தனையோ வெள்ளிக்கிழமை உக்காந்து பாத்துட்டேன். இல்ல செல்வி, பொய் சொல்லிட்டேன், எல்லாம் போச்சுன்னு கத்திக்கூடப் பாத்துட்டேன். எதுவும் வரல. ரெண்டாவது தரமும் என் பொய்யை நம்பிட்டுப் போயிட்டா.

பவிக்குத் தமிழ் படிக்க வராது, நம்பர் தெரியும். தூங்கப் போகும்போது என் போன்ல ஆப்பைத் திறந்து 8ங்கிற பேர் மேல விரலை வச்சுப் பாப்பா, அமுக்க மாட்டா. பிறந்தநாளுக்குத்தான் கேக்கணும்னு அம்மா சொன்னாளாம். போன வாரம் அப்படி விரலை வச்சுக்கிட்டே, "அப்பா, அம்மா பேசினதெல்லாம் பத்திரமா இருக்குல்ல?"ன்னு கேட்டா. அதே வார்த்தை, அதே இடத்துல மூச்சு வாங்கி. அந்த ஃபைலை நான் அவளுக்குப் போட்டதே இல்ல.

"பத்திரமா இருக்கு தாயி"ன்னேன்.

அடுத்த மாசம் அவளுக்கு எட்டு முடியுது அண்ணாச்சி. அன்னைக்குக் காலையில எந்திரிச்ச உடனே அதை அமுக்குவா.