மல்லியிடம் குட்டி எடுக்க வேண்டாம் என்றவர்

செவ்வாய்க்கிழமை காலை, வேலைக் கூட்டம் ஒன்றின் நடுவில் ஆர்த்தியின் அழைப்பு வந்தது. "அம்மா போயிட்டா, அங்கிள். நாய்களுக்குச் சாப்பாடு வைக்க வாறீங்களா?" என்று கேட்டாள். மங்களேஸ்வரி அக்கா மகளை அப்படித்தான் வளர்த்திருந்தார். கணினியை மூடிவிட்டுப் புறப்பட்டேன்.

கிளிநொச்சியிலிருந்து இங்கே குடியேறியவர் அக்கா. முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே, நகரின் புறநகரான டார்னெய்ட்டைத் தாண்டி ஐந்து ஏக்கரில் வேட்டை நாய்களை வளர்த்தார். நான் குடியிருக்கும் பொயிண்ட் குக்கிலிருந்து குட்டி வாங்கப் போனபோது, என் பின்முற்றம் எவ்வளவு பெரிது என்று விசாரித்தார். தேநீர் கொடுத்து, குட்டி கிடையாது என்று அனுப்பிவிட்டார். எனக்குக் கோபமான கோபம். ஆனாலும் அடுத்த சனிக்கிழமையே, அவருடைய நாய்களின் பரம்பரைப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றித் தருகிறேன் என்று போய் நின்றேன்.

வருகிறவர்கள் எல்லாரும் இது என்ன சாதி நாய் என்றுதான் முதலில் கேட்பார்கள். அக்கா சலிக்காமல் விளக்குவார். அமெரிக்காவில் குடியேறிய ஏழை விவசாயிகள் மோப்ப நாயையும் மந்தை நாயையும் கலந்து உருவாக்கிய 'கர்' வகை நாய் இது. 'கர்' என்பதே ஆங்கிலத்தில் கலப்பு நாயைத் திட்டும் சொல். நிறத்தையும் சான்றிதழையும் அந்த விவசாயிகள் பார்க்கவில்லை. பன்றியை மறித்து, ஆள் வரும்வரை நின்று குரைக்கும் நாயிடம் மட்டுமே குட்டி எடுத்தார்கள். அக்காவும் அப்படியே செய்தார். காட்டுப்பன்றிகளால் பயிரை இழந்த விவசாயிகள் முர்ரே ஆற்றங்கரையிலிருந்தெல்லாம் அவரைத் தேடி வந்தார்கள்.

நான்தான் காரியத்தைக் கெடுத்தேன். புள்ளி போட்ட குட்டிகளின் படங்களை இணையத்தில் போட்டேன். கேட்டு ஆட்கள் குவிந்தார்கள். என் நச்சரிப்புத் தாங்காமல் அக்கா ஒரே ஒரு முறை நிறத்தைப் பார்த்து இணை சேர்த்தார். ஏழு குட்டிகள், அத்தனையும் கொள்ளை அழகு. வளர்ந்த பிறகு ஐந்து, பன்றியைக் கண்டதும் வண்டிக்கு அடியில் ஒளிந்தன. வாங்கியவர்களை அக்காவே அழைத்து உண்மையைச் சொல்லி, நாய்களைத் திருப்பி எடுத்துக்கொண்டார். என் பெயரை எங்கும் சொல்லவில்லை. "பிழை என்ரது. நாய் என்ன செய்யும்?" என்றார்.

அப்படித் திரும்பி வந்தவள்தான் மல்லி. அக்காவின் கட்டிலடியை விட்டு நகரமாட்டாள். அவருக்கும் அவள்மேல் உயிர்.

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நான் போன பிறகு எல்லாரும் மல்லியின்ர குட்டி கேப்பினம். பாவம் பாக்காதேங்கோ. அவளுக்குக் கருத்தடை செய்ய எனக்குத்தான் மனம் வரேல்ல."

இறுதிச் சடங்கன்றே மூன்று பேர் கேட்டார்கள். சுலபமாக மறுத்துவிட்டேன். மாலையில் ஆர்த்தி வந்து, அம்மாவின் நினைவாக ஒரே ஒரு குட்டி போதும் என்றாள். அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் அழுதாள், நானும் அழுதேன்.

மறுநாள் விலங்கு மருத்துவமனைக்குப் போனோம். காரிலிருந்து இறங்கியதும் ஆர்த்தி என் கையிலிருந்த மல்லியின் வாரை வாங்கிக்கொண்டு, எனக்கு முன்னால் உள்ளே நடந்தாள்.

அக்கா, உங்களுக்கு மனம் வராத வேலையை உங்கள் மகள் முடித்துவிட்டாள். நிம்மதியாகப் போங்கள்.