பூட்டிவிட்டு வந்தவள்

மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நான் வீட்டை விட்டு வெளியே போவேன். திரும்பி வர ஆறு மணி ஆகும். மாதம் முழுக்க எனக்கென்று இருப்பது அந்த மூன்று மணி நேரம்தான். மற்ற நாளெல்லாம் முடிச்சூர் ரோட்டை ஒட்டிய எங்கள் வீட்டுக்குள், அவர் இருமினால் காதில் விழுகிற தூரத்திலேயே கிடப்பேன். குளிக்கும்போதுகூட கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டுதான் குளியல். "எப்படித்தான் சமாளிக்கறீங்களோ" என்று யாராவது உச்சுக்கொட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சமாளிக்காமல் என்ன செய்ய? ஓடியா போக முடியும்?

அவர் என்றால் என் கணவர். தாம்பரத்துக்கும் படப்பைக்கும் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். ஐம்பத்தேழு வயதில், தினம் போகிற ரூட்டிலேயே எந்தப் பக்கம் திரும்புவது என்று கண்டக்டரிடம் கேட்டிருக்கிறார். டாக்டர் அல்சைமர் என்றார். ஆறு வருடம் ஆகிறது. இப்போதும் தினமும் ட்யூட்டிக்குக் கிளம்புவார். கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், ஆள் தெருவில் இருப்பார். ஆனால் தேடுவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. படப்பை ரூட்டிலேயேதான் நடப்பார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நிற்பார். பின்னாலிருந்து யாராவது "ரைட்" சொன்னால்தான் நகருவார். அதனால் வழியிலுள்ள டீக்கடை, பழக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட் அத்தனையிலும் என் நம்பரைக் கொடுத்து, "அவரைப் பாத்தா போன் போடுங்க, தயவுசெஞ்சு ரைட் மட்டும் சொல்லிடாதீங்க" என்று கேட்டு வைத்திருக்கிறேன். முதலில் சிரித்தார்கள். இப்போது, "யக்கா, டிரைவரு நம்ம ஸ்டாப்ல நின்னுகினு கீறாரு, வா" என்று போன் வருகிறது.

இதைச் சனிக்கிழமைக் கூட்டத்தில் சொல்லப்போய்த்தான் அங்கே நான் பெரிய மனுஷியானேன். சேலையூரில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற ஹாலில் அந்தக் கூட்டம் நடக்கும். மறதி நோய் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள் கூடி உட்கார்ந்து பேசுவோம். ஒரு டாக்டரம்மா நடத்துகிறார். முதல் வருடம் முழுக்க நான் மூலை நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டு வருவேன், அவ்வளவுதான். அப்புறம், புதிதாக வருகிறவர்களுக்கு என் நம்பரைக் கொடுக்கலாமா என்று டாக்டரம்மா கேட்டார். கொடுங்கள் என்றேன். அன்றிலிருந்து போனில் பாடம் நடத்துகிறேன். அவங்க சொல்றதை எதிர்த்துப் பேசாதீங்க. 'நான் யாரு சொல்லு பாப்போம்'னு பரீட்சை வைக்காதீங்க. தலையே போனாலும் தனியா விட்டுப் பூட்டிட்டுப் போகாதீங்க. இதையெல்லாம் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடித்திருக்கும். பொய் சொல்வானேன்.

அப்படித்தான் நாவலூரிலிருந்து ஒரு பெண்ணும் போனில் பேச ஆரம்பித்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். அப்பா இல்லை. அடுக்குமாடி வீட்டில் அம்மாவை வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போன்.

"ஆன்ட்டி, அம்மாவை அடிச்சிட்டேன்."

அடுப்பை அணைத்துவிட்டு வந்து, சொல்லும்மா என்றேன்.

"மீட்டிங்ல இருக்கேன், கேட்டதையே கேட்டுக்கிட்டு இருந்தாங்க. கன்னத்துலயே அடிச்சிட்டேன். கைய கட்டிக்கிட்டு, 'இனிமே பண்ண மாட்டேன் டீச்சர்'னாங்க ஆன்ட்டி." கொஞ்ச நேரம் அழுதாள். "பால்கனில போய் நின்னேன். பதினோராவது மாடி. ரொம்ப நேரம் கீழயே பாத்துட்டிருந்தேன்."

பால்கனிக் கதவைச் சாத்தச் சொல்லி, டாக்டரம்மாவின் நம்பரைக் கொடுத்து, அவரையும் உடனே பேச வைத்தேன். அன்றிலிருந்து தினம் இரண்டு வேளை போன் செய்தேன். "சனிக்கிழமை கூட்டத்துக்கு வாம்மா. உனக்காகவே நான் வந்து உக்காந்திருப்பேன்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். வருகிறேன் என்றாள்.

கூட்டத்துக்குப் போகிற நாளில் அவரைப் பார்த்துக்கொள்ள என் நாத்தனார் பள்ளிக்கரணையிலிருந்து வருவாள். அந்தச் சனிக்கிழமை இரண்டரை மணிக்குப் போன் செய்தாள். "அண்ணி, பேரனுக்குக் காய்ச்சல் அனலா அடிக்குது. இன்னிக்கு ஒரு நாள் கோச்சுக்காதீங்க." அவளைக் கோபித்து என்ன ஆகப்போகிறது? பக்கத்து வீட்டில் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மகன் ஓசூரில் இருக்கிறான். அவனைக் கூப்பிட்டால் "ஏதாவது ஹோம்ல சேத்துடலாம்மா" என்பான், அதற்கு வேறு பதில் சொல்ல வேண்டும்.

அவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். மாத்திரை போட்டால் ஐந்து மணி வரை எழமாட்டார். நான் சிலிண்டரை மூடினேன். தண்ணீர் எடுத்துத் தலைமாட்டில் வைத்தேன். வெளியே வந்து பூட்டினேன். அந்தப் பெண்ணுக்காகத்தான் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது பாதிதான் உண்மை. புடவையை முந்தின நாளே இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். போகாமல் இன்னும் ஒரு மாதம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பதை நினைக்க மூச்சு முட்டியது.

அவள் வந்திருந்தாள். ஒல்லியாக, தூங்காத கண்ணோடு, கதவை ஒட்டிய நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் குரலை வைத்தே கண்டுபிடித்து, கையைப் பிடித்துக்கொண்டாள். நிம்மதியாக இருந்தது. ஆனால் நிமிடத்துக்கு ஒரு தரம் போனில் மணி பார்த்தாள். அவள் முறை வந்தபோது பேசத் தெரியாமல் விழித்துவிட்டுச் சொன்னாள்.

"அம்மாவைப் பாத்துக்க யாரும் கிடைக்கல. தூங்க வச்சிட்டு, வெளிய பூட்டிட்டு வந்திருக்கேன். வேற வழி தெரியல."

ஹாலில் இருந்த பத்துப் பேரும் என் பக்கம் திரும்பினார்கள். பூட்டு விஷயம் என் பாடமாயிற்றே. அப்போது நான் வாயைத் திறந்து, நானும் அதைத்தானம்மா செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்ததோ வேறு.

"தப்பும்மா. ரொம்பத் தப்பு. பத்து நிமிஷத்துல என்ன வேணாலும் ஆகலாம். முதல்ல கெளம்பு."

அவள் முகம் சுருங்கிவிட்டது. எழுந்து நின்று, "உங்க வீட்ல சாரை யார் பாத்துக்கறாங்க ஆன்ட்டி?" என்று கேட்டாள். குத்திக்காட்டவில்லை. அப்படி ஒரு ஆள் தனக்கும் கிடைக்குமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"என் நாத்தனார்" என்றேன், கூசாமல்.

எல்லாரையும் பார்த்து "சாரி" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். டாக்டரம்மா பின்னாலேயே வாசல் வரை ஓடினார். அதற்குள் கார் கிளம்பிவிட்டது. "கரெக்டா சொன்னீங்க மேடம்" என்றார் பக்கத்தில் இருந்தவர். அந்த மேடம் என்ற வார்த்தை என்னைச் செருப்பால் அடித்தமாதிரி இருந்தது. தலைவலி என்று சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அவளுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. பதினோராவது மாடி, பதினோராவது மாடி என்று மனசு அடித்துக்கொண்டது. சீ, நீயெல்லாம் ஒரு பொம்பளையா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும்போது மணி ஐந்தேகால். பூட்டைத் திறந்து தள்ளினால் கதவு அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினேன். பக்கத்து ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது. முகம் கழுவி, காக்கிச் சட்டையைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார்.

"யாரு?"

"நான்தாங்க. தாழ்ப்பாளைத் திறங்க."

"வூட்ல பொம்பளை இல்லம்மா. அப்பால வா."

ஊருக்கெல்லாம் சொன்ன பாடம் எனக்கு மறந்துபோயிற்று. "என்னங்க இது, நல்லாப் பாருங்க, நான் யாரு? சொல்லுங்க, நான் யாரு?" என்று கத்தினேன். அவர் மிரண்டு பின்னால் போனார். அப்புறம்தான் உறைத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தணித்து, "உங்க வீட்டம்மா எங்க போயிருக்காங்க?" என்று கேட்டேன்.

"எனக்கின்னா தெரியும்? போவட்டும்மா. நானாச்சும் வண்டி எட்த்துகினு படப்பை வரைக்கும் போய் வந்துர்றேன். அது பாவம், இந்த வூட்டுக்குள்ளயே கெடக்குது. மெதுவா வரட்டும்."

சொல்லிவிட்டுப் போய் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டார். நான் வாசல் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருடத்தில் என்னைப் பற்றி ஒருவர் கூட இப்படிச் சொன்னதில்லை. வாய் விட்டு அழுதேன். தெருவில் போனவர்கள் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

மறுபடி அவளுக்கு அடித்தேன். எடுத்தாள். அவள் "ஹலோ" சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

"அம்மா எழுந்துக்கவே இல்ல ஆன்ட்டி. எட்டிப் பாத்தேன், தூங்கறாங்க." பிறகு, "நான் இனிமே அங்க வரல. நீங்கல்லாம் நல்லாப் பாத்துக்கறவங்க. நான் அப்படி இல்ல" என்றாள்.

"நானும் பூட்டிட்டுத்தான் வந்தேன்" என்றேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னேன்.

"நாத்தனார் வரல. பொய் சொன்னேன். நீ சொன்னதும் எனக்குப் பயமாயிடுச்சு. என் மானத்தைக் காப்பாத்திக்க உன்னைத் துரத்திட்டேன்."

"எல்லார் முன்னாடியும் ஏன் ஆன்ட்டி அப்படிப் பண்ணீங்க?" என்றாள். நன்றாகத் திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "சார் எப்படி இருக்கார்?" என்றாள்.

"உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டார். என்னை யாருன்னு தெரியல. வாசப்படியில உக்காந்திருக்கேன்."

"தட்டுங்க ஆன்ட்டி. திறப்பார்."

"தட்டறேன்" என்றேன். எழுந்திருக்கவில்லை. தட்டினால் திறந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். திறந்தால் உள்ளே போக வேண்டும்.

"தட்டிட்டீங்களா?"

"இல்லம்மா."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "நானும் உள்ள போகல ஆன்ட்டி. கதவு திறந்துதான் இருக்கு. மாடிப்படியில உக்காந்திருக்கேன்" என்றாள்.