செங்கமாரிக்கு ஆகாதவை

குருநகரிலிருந்து சண்டிலிப்பாய்க்கு ஏழு மைல். 1992 மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை பின்னேரம் அந்த ஏழு மைலையும் சைக்கிளில் மிதித்துப் போனேன். என் தம்பி அன்ரனை மறுநாள் விடிய வடமராட்சிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், துணைக்கு வாருங்கோ மச்சாள் என்று அவன் மனைவி புஷ்பம் ஆள் அனுப்பியிருந்தாள். அன்ரனுக்குச் செங்கமாரி. வேறு ஊர்களில் இதை மஞ்சட்காமாலை என்பார்கள். வந்து ஏழு கிழமை, கிட்டத்தட்ட இரண்டு மாதம், ஆகியும் மாறவில்லை, எழும்பி நிற்கவே ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பது செய்தி. நெல்லியடிக்கு அப்பால் ஒரு பரியாரியார், நாட்டு வைத்தியர், செங்கமாரிக்குக் கைராசிக்காரராம். அவர் கைவிட்டால் இனிக் கடவுள்தான் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது.

அன்ரன் மயிலிட்டியில் கடற்றொழில் செய்தவன். தொண்ணூறில் சண்டை மூண்டு அந்தக் கரை முழுவதையும் விட்டு ஆட்கள் ஓடியபோது, வலையையும் தோணியையும் விட்டுவிட்டுப் புஷ்பத்தோடு சண்டிலிப்பாய்க்கு வந்தான். தங்கம்மா மாமி என்ற தோட்டக்காரப் பெண் தன் வளவிலிருந்த புகையிலைக் கொட்டிலை ஒதுக்கிக் கொடுத்தார். ஒன்றரை வருடமாகியும் அந்த மண்சுவரில் புகையிலை மணம் போகவில்லை. மாமி சுத்த சைவம். வளவுக்குள் மீன் சமைக்கக்கூடாது என்பதைத் தவிர வேறு எந்த நிபந்தனையும் அவர் போடவில்லை.

நோய் தொடங்கிய கிழமையில் நான் ஒருமுறை போய்ப் பார்த்திருந்தேன். அப்போது அவனுடைய கண் இரண்டும் அரைத்த மஞ்சள் மாதிரி இருந்தன. உடம்பு அப்படியேதான் இருந்தது. வலை இழுத்த தோள் அல்லவா? இந்த முறை கொட்டிலுக்குள் குனிந்து போனபோது பாயில் கிடந்தது வேறு ஆள். கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு தள்ளி, யாரோ ஒரு கிழவன்.

"அக்கா, வந்திட்டியே?" என்றான். அதற்கே மூச்சு வாங்கியது.

பொழுது பட்டதும் தங்கம்மா மாமி ஜாம் போத்தல் விளக்கோடு வந்தார். மின்சாரம் நின்றுபோன பிறகு எங்கள் எல்லோர் வீட்டிலும் அதுதான் விளக்கு. போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் மண்ணெண்ணெய், மேலே ஒரு திரி. தோட்ட வேலை முடிந்து, குளித்து, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்கு வந்து அவனுடைய கண்ணைப் பார்ப்பாராம். கீழ் இமையை விரலால் இழுத்து விளக்கைக் கிட்டப் பிடித்தார்.

"மஞ்சள் இன்னும் விடேல்லைப் பிள்ளை" என்று என்னையும் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். மஞ்சள்தான்.

"பகலிலை எப்பிடி இருக்கு மாமி?"

"பகலிலை நான் தோட்டத்திலை. உவரை வெளியிலை விடவும் கூடாது. செங்கமாரிக்கு வெயில் கண்ணிலையும் காட்டக்கூடாது."

அந்தக் கொட்டிலுக்கு யன்னலும் இல்லை. பக்கத்து ஊர்ப் பரியாரியார் முதலில் சொன்னது மூன்று கிழமைப் பத்தியம். எண்ணெயும் தேங்காயும் மீனும் வேண்டாம் என்றது மட்டும் அவர். மூன்று கிழமை முடிந்தும் விளக்கில் மஞ்சள் தெரிந்ததால் மிச்சத்தை ஊர் சேர்த்தது. பருப்பு வாயு என்று ஒருவர் நிறுத்தினார். பால் பித்தம் என்று இன்னொருவர். முட்டையை யாரும் நிறுத்தத் தேவையில்லை, அது ஏற்கெனவே விலையால் நின்றுவிட்டது. இப்போது அவனுக்குக் கிடைப்பது காலையில் கீழ்க்காய்நெல்லிச் சாறு, மத்தியானமும் இரவும் உப்புக் குறைத்த அரிசிக் கஞ்சி. புஷ்பமும் அதையேதான் குடித்தாள். "அவர் பார்த்துக்கொண்டு கிடக்க நான் எப்பிடி மச்சாள் கறியோடை தின்னுறது?" என்றாள்.

தங்கம்மா மாமியை அன்பில்லாதவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகும். கீழ்க்காய்நெல்லியை வரம்பில் தேடிப் பிடுங்கித் தன் கையால் அரைத்தவர் அவர். அந்த வருடங்களில் பொருளாதாரத் தடையால் எங்களிடம் பனடோலும் இல்லை, சவர்க்காரமும் இல்லை. தடையில்லாமல் வந்து சேர்ந்தது புத்திமதி ஒன்றுதான். கொடுக்க வேறு எதுவும் கையில் இல்லாத சனம் 'கூடாது' என்ற சொல்லைக் கொடுத்தது. அதையும் மனம் நிறைந்துதான் கொடுத்தது.

வியாழன் காலை ஐந்தரைக்கு நடராசா அண்ணையின் பழைய மொறிஸ் கார் படலையில் வந்து நின்றது. பெற்றோலுக்குப் பிறந்த கார், மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடியது. எண்ணெய் நாங்கள் கொடுக்க வேண்டும், கூலி முந்நூறு ரூபாய் என்பது பேச்சு. அன்ரனை நானும் அண்ணையும் தூக்கி ஏற்றினோம். ஆறடி ஆள், ஒரு பாய்ச் சுருளின் பாரம்கூட இல்லை. வெயில் படாமல் தலையோடு முகத்தையும் ஒரு சேலைத் துண்டால் மூடிவிட்டாள் புஷ்பம். அவளும் முக்காடு போட்டுக்கொண்டு பின்சீட்டில் அவனைத் தோளில் சாய்த்து வைத்துக்கொண்டாள். நான் முன்சீட்டில்.

மருதனார்மடம், உரும்பிராய், கோப்பாய். வழியெல்லாம் நடராசா அண்ணை வைத்தியம் சொல்லிக்கொண்டு வந்தார்.

"உப்பு அறவே விடோணும் பிள்ளை. என்ரை ஒண்டுவிட்ட தமையன் உப்பை விட்டுத்தான் தப்பினவர்."

"அவர் இப்ப எங்கை?"

"செத்துப்போனார். அது வேறை வருத்தம்."

வேறொரு நாளாயிருந்தால் சிரித்திருப்பேன்.

ஏழு மணிக்கு நீர்வேலி. கார் சூடேறிவிட்டது என்று நிறுத்தினார். நீர்வேலியில் நிறுத்திவிட்டு வாழைப்பழம் வாங்காமல் போகிறவர் யார்? தெருவோரத்தில் குலைகளைச் சாக்கில் பரப்பி வைத்திருந்தார் ஒரு வியாபாரி. நாலு கதலிப்பழம் வாங்கி, ஒன்றை உரித்து அன்ரனின் கையில் கொடுத்தேன். அவன் அதை முகத்துணிக்குள் கொண்டுபோய் மணந்து பார்த்தான். மூச்சை இழுத்த விதத்தில் ஒரு ஆசை தெரிந்தது.

"என்ன தம்பிக்கு?" என்று வியாபாரி எட்டிப் பார்த்தார்.

"செங்கமாரி" என்றார் நடராசா அண்ணை.

"ஐயோ, குளிர்ச் சாமான் கண்டியளோ!" என்று அந்த மனிதர் கையை நீட்டி, உரித்த பழத்தை அவன் விரல்களுக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டார். காசையும் திருப்பித் தந்தார். விற்ற பழத்தை மனிதாபிமானத்தால் திருப்பி வாங்கிய வியாபாரியை அன்றைக்குத்தான் கண்டேன்.  அன்ரன் வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு புஷ்பத்தின் தோளில் திரும்பச் சாய்ந்தான். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனால் யாரைக் கோபிப்பது? எனக்கும் செங்கமாரிக்கு வாழைப்பழம் ஆகுமா ஆகாதா என்று தெரியாது.

புத்தூர், ஆவரங்கால் கழிந்து வல்லைவெளி. போகாதவர்களுக்குச் சொல்கிறேன்: வலிகாமத்துத் தோட்டங்களும் வேலிகளும் பனைகளும் திடீரென்று முடிந்து, இரண்டு பக்கமும் வெறும் உவர்த்தரையும் கடல்நீரேரியும். நிழல் என்ற பேச்சே இல்லை. காற்று மட்டும் நிற்காது. ஹெலிகொப்டர் வந்து சுட்டால் ஒளிய ஒரு பற்றைகூடக் கிடையாது என்பதால் எல்லோரும் அந்த வெளியை மூச்சைப் பிடித்துக்கொண்டு கடப்பார்கள். நடராசா அண்ணையும் அப்படித்தான் விரட்டினார். பாலத்துக்குச் சற்று முன்னால் கார் இரண்டு தரம் விக்கி நின்றுவிட்டது.

அவர் மருந்துச் சீசாவில் வைத்திருந்த பெற்றோலை எடுத்துக்கொண்டு இறங்கினார். இஞ்சினில் சில துளி விட்டால்தான் திரும்ப உயிர் வரும். நான் வானத்தைப் பார்த்தேன். தெளிந்த வானம். ஒரு சத்தமும் இல்லை. நின்ற காருக்குள் இருப்பது ஆபத்து, இறங்கி நில்லுங்கோ என்றார் அண்ணை. அன்ரனை இறக்கிக் கதவோடு சாய்த்து நிறுத்தினோம். காற்று அவன் முகத்திலிருந்த துணியைப் பறித்துக்கொண்டு போய் வெளியில் போட்டது.

அவன் கூசிக் கண்ணைச் சுருக்கினான். பிறகு திறந்தான். கடலைப் பார்த்துப் பழகியவன், தண்ணீரைக் கண்டதும் அகலத் திறந்தான்.

வெள்ளை. உழுந்து மாவைப் போல வெள்ளை.

"அன்ரன், இஞ்சை பார். மேலை பார். கீழை பார்." நான் அவன் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "அண்ணை, ஓடி வாங்கோ. இவன்ரை கண்ணிலை எங்கை மஞ்சள்?"

நடராசா அண்ணை எண்ணெய்க் கையோடு வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "மஞ்சள் இல்லைத்தான் பிள்ளை" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் ஏழு கிழமையும் அவன் கண்ணைப் பார்க்கவில்லை, விளக்கைத்தான் பார்த்திருக்கிறோம். ஜாம் போத்தல் வெளிச்சத்தில் யாருடைய கண் வெள்ளையாகத் தெரியும்?

"புஷ்பம், நீயும் வந்து பார்" என்று திரும்பினேன். அவள் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு காரின் மறுபக்கம் நின்றாள். காற்று அவளையும் விடவில்லை. சேலை விலகிய அந்தக் கணத்தில் அவள் கண்ணைப் பார்த்தேன். முதன்முதல் அன்ரனிடம் நான் கண்ட அதே மஞ்சள்.

"எனக்குத் தெரியும் மச்சாள்" என்றாள் மெல்ல. "போன ஞாயிறு தொடக்கம் சலம் மஞ்சளாய்ப் போகுது. ரெண்டு பேரும் பத்தியமெண்டு படுத்தால் ஆர் கஞ்சி வைக்கிறது? அதுதான் சொல்லேல்லை."

ஏழு கிழமையாக ஊரே வந்து அவன் கண்ணைப் பார்த்தது. பக்கத்திலேயே நின்றவளின் கண்ணை ஒருவரும் பார்க்கவில்லை. நானும் முதல்நாள் இரவு முழுவதும் அவளருகில்தான் படுத்திருந்தேன்.

கார் உயிர் வந்து இருமியதும், "பரியாரியார் வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு விடுங்கோ" என்றேன். "பரியாரியார்தான் பத்தியம் முறிக்கோணும். நோய் மாறினாலும் மறுபத்தியம் அதேயளவு நாள் இருக்கோணும்" என்று நடராசா அண்ணை தயங்கினார். இன்னொரு ஏழு கிழமை! அவனைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். ஆஸ்பத்திரிக்கே விட்டார்.

பருத்தித்துறைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் முறை வரப் பதினொன்றாகிவிட்டது. இளம் பெண் டொக்டர். நித்திரை கொண்டு பல நாளான முகம். யன்னலடியில் நிறுத்தி இருவர் கண்ணையும் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். அன்ரனுக்கு என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். புஷ்பம் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படவில்லை என்று சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

"இவருக்கு நோய் எப்பவோ போட்டுது அம்மா. பத்தியம்தான் போகேல்லை. உவர் பட்டினி கிடக்கிறார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இஞ்சை கொண்டுவந்தும் பிரயோசனமில்லை."

புஷ்பம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவளைக் கதிரையில் இருத்தி, டொக்டர் குரலைத் தணித்துச் சொன்னார்: அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கி எல்லாம் கொடுக்கலாம். அவளுக்கு இப்போதுதான் நோய் தொடங்குகிறது. ஓய்வு வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும். கை கழுவ வேண்டும். குமட்டாமல் எது இறங்குகிறதோ அதைச் சாப்பிட வேண்டும்.

"எண்ணெய்?" என்றேன்.

"வயிறு ஏற்றால் சாப்பிடட்டும். நஞ்சில்லை. கள்ளு சாராயம்தான் கூடாது."

"மீன்?"

"கிடைச்சால் குடுங்கோ. எங்கை மலிவெண்டு எனக்கும் சொல்லுங்கோ" என்றார். சிரிக்கவில்லை.

மீன்சந்தைக்குப் பக்கத்தில் ஓலை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை. சோறும் தேங்காய்ப்பாலில் வைத்த ஒட்டி மீன் சொதியும் இருபத்தைந்து ரூபாய். நடராசா அண்ணை வெறுந்தேத்தண்ணியோடு தள்ளி இருந்தார். வாழையிலையில் சோறு வந்தது. அன்ரன் தொடவில்லை. 

"பயமாயிருக்கு அக்கா. மீன் பட்டால் செத்துப்போவனெண்டு எத்தினை பேர் சொன்னவை."

கடலிலே பிறந்து வளர்ந்தவன். ஒரு துண்டு மீனுக்குப் பயந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டொக்டர் சொன்னதை நான் மூன்று தரம் திருப்பிச் சொன்னேன். அசையவில்லை.

கடைக்காரப் பெண் சொதிச் சட்டியோடு வந்தாள். புஷ்பத்தின் முகத்தைக் கண்டதும் நின்றுவிட்டாள். "தங்கச்சி, உனக்குச் செங்கமாரியெல்லே! உதைத் தின்னாதை" என்று குனிந்து, அவள் முன்னாலிருந்த இலையை இழுத்தாள்.

அன்ரனின் கை வந்து அந்த இலையில் விழுந்தது. அப்படி ஒரு வேகம் அந்தக் கையில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"வையுங்கோ அக்கா. அவள் சாப்பிடட்டும்."

புஷ்பம் அவனைப் பார்த்தாள். "நீங்கள் தின்னாமல் நான் தின்னமாட்டன்" என்றாள். கொட்டிலில் அவள் ஏழு கிழமையாகச் சொல்லிவந்த அதே நியாயம்.

அன்ரன் சொதியில் கிடந்த மீனில் ஒரு துண்டைக் கிள்ளினான். முள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தான். அது கடற்றொழிலாளியின் பழக்கம். வாயில் வைத்து மென்றான். கண்ணீர் வழிய வழிய மென்று விழுங்கினான். பிறகு அடுத்த துண்டைக் கிள்ளி அவள் இலையில் வைத்தான். கடைக்காரப் பெண் சட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

பின்னேரம் மூன்று மணிக்குத் திரும்பினோம். வல்லைவெளியில் கார் நிற்கவில்லை. தங்கம்மா மாமிக்கு என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். அவரைக் குற்றவாளி ஆக்காமல் சொல்ல வேண்டும். பகலில், முற்றத்தில் வைத்துச் சொல்ல வேண்டும். எங்கள் குருநகரும் இதில் திறமில்லை. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் என்ன கொடுக்கலாம் என்று கேட்டு நான் அறியேன். என்ன கொடுக்கக்கூடாது என்பதுதான் முதல் கேள்வி.

நீர்வேலியில் காரை நிறுத்தச் சொன்னவன் அன்ரன்தான். அதே வியாபாரி, அதே சாக்கு. எட்டிப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார்.

"ஓ, விடியப் போன தம்பியோ! ஆஸ்பத்திரியிலை என்ன வருத்தமெண்டு சொன்னவை?"

"பசியெண்டு சொன்னவை" என்றான் அன்ரன்.

 வியாபாரி குலையிலிருந்து இரண்டு பழத்தைப் பிய்த்துக் கார் யன்னலால் நீட்டினார். அன்ரன் ஒன்றை உரித்து இரண்டாக முறித்தான். ஒரு பாதியைப் புஷ்பம் பார்க்கத் தான் தின்றான். மற்றப் பாதியை அவள் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டான்.